புலிக்குக் கொடுத்த பெயர்

கடமானூரில் புலிக்குப் புலி என்று பெயர் கிடையாது. மலை ஏறிப் போய், பஸ்ஸை விட்டு இறங்கி, முதலில் எதிர்ப்படுகிற ஆளிடம் இங்கே புலி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்கூர்ல அப்படியொண்ணும் இல்லீங்க, மாராத்தாதான் இருக்குது" என்பார். சிரித்துத் தொலைக்காதீர்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தால் உங்களுக்குச் சிரிப்பு வராது, சோறும் இறங்காது.

அந்த ஊர் வழக்கம் அப்படி. புலி கடைசியாக யாரை எடுத்ததோ அவர் பேர்தான் அதற்கு, அடுத்த ஆளை எடுக்கிறவரைக்கும். பேரில்லாமல் திரிகிற எதுவும் யாருக்கும் அடங்காது. பேர் இருந்தால் கூப்பிட்டுத் திட்டலாம், கெஞ்சலாம், அந்தாண்டே போ என்று விரட்டலாம். செத்துப்போனவருக்கோ இனி பேர் எதற்கு என்று, எந்தக் காலத்திலோ எவரோ யோசித்து வைத்துவிட்டுப் போன ஏற்பாடு. ஊர் எல்லையில் ஒரு கல் இருக்கிறது. செத்தவரைப் பெற்றவளோ கட்டிக்கொண்டவளோ அந்தக் கல்லின்மேல் ஏறி நின்று, கையில் பச்சரிசியோடு காட்டைப் பார்த்து மூன்று தரம் அந்தப் பேரைச் சொல்லி, "எடுத்துக்கோ" என்று அரிசியை வீச வேண்டும். ஆனால் ஒரு எலும்பாவது, ஒரு பிடி தலைமுடியாவது கையில் கிடைத்த பிறகுதான் வீச வேண்டும். அதுவும் வழக்கத்தில் இருக்கிறது.

பேரோடு குணமும் போய்விடும். வெள்ளச்சி என்று ஒரு ஊர்வம்புக்காரி இருந்தாள். அவள் பேரை வாங்கிக்கொண்ட பிறகு புலி சாயங்காலமானால் வீடு வீடாக வந்து வாசலில் கொஞ்சநேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது. அதற்குப் பின்னால் தேனெடுக்கிற ஒண்டியப்பன், மகா குடிகாரன், ரோட்டுப் பாலத்தடியிலேயே கிடப்பான். அவன் பேர் வந்ததும் புலியும் பாலத்தடியில் போய்ப் படுத்தது. அவன் பெண்டாட்டி சின்னம்மணி சுள்ளி பொறுக்கப் போகிறபோது மேலே நின்று, "இங்கெ வந்துதான் உளுந்து கெடக்கோணுமா, எந்திரிச்சுப் போ" என்று வைதால் அது எழுந்து தலையைக் குனிந்துகொண்டு போகும். அந்த ஊரில் பழமொழிகூட, "ஒண்டியப்பன் பசித்தாலும் புல்லைத் தின்ன மாட்டான்" என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். புதிதாக வந்த தமிழ் வாத்தியார் திருத்திப் பார்த்துச் சலித்துப்போய் விட்டுவிட்டார்.

மாராத்தா என்பது அப்போது ஒரு பெண்ணின் பெயர். வயது முப்பதுக்குச் சற்று மேல், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள், பாறையில் வழுக்கி விழுந்தது. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் ஆக்கிக்கொண்டான், அவனை விடுங்கள். அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே மகள், புவனா. பள்ளிக்கூடம் போகிற பெண், துறுதுறுவென்று ஓடும், சோறு போட்டால் தாடையை அம்மாவின் பாதத்தில் வைத்துப் படுத்துக்கொண்டு "ஊட்டு" என்கிற செல்லம். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாராத்தா வாசலில் நின்று "புவனாஆ" என்று ஒரு தரம் நீட்டியும், "புவனா" என்று ஒரு தரம் வெட்டியும் கூப்பிடுவாள். ஊருக்கே அதுதான் விளக்கேற்றுகிற மணி.

வைகாசிக் கடைசியில், லீவு நாளில், தவறிப்போன ஆட்டுக்குட்டியைத் தேடிக் காட்டுக்குள் போன புவனா திரும்பவில்லை. ஊரே தடியும் தப்பட்டையுமாகத் தேடிப் போனது. உண்ணிச்செடி முள்ளில் பாவாடைத் துணி ஒரு கிழிசல், கீழே புல்லெல்லாம் ரத்தம், பக்கத்தில் ஒண்டியப்பனின் கால்தடம், உள்ளங்கை அகலத்துக்கு. எலும்பு இல்லை, முடி இல்லை. ஆனால் பயம் இருந்ததே. "ஆளை எடுத்துப்போட்டுது, ஒண்டியப்பன் பேரு கழண்டு போச்சு, இப்ப அது பேரில்லாம நிக்குது" என்று ஊர் முழுக்கப் பேச்சு. மாட்டைக் காட்டுக்கு ஓட்ட ஆளில்லை, தண்ணிக்குப் போக ஆளில்லை, கதவைத் திறக்க ஆளில்லை. பூசாரி தொட்டையன், "எலும்பு கிடைக்கட்டும், பொறுங்க" என்றுதான் சொன்னார். பொறுக்காதவள் மாராத்தா. அன்னந்தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் திடுமென்று எழுந்து முடியை முடிந்துகொண்டு, "குடுத்துப்போடலாமுங்க. என்ற மக பேரு காத்துல அலையறதுக்கு அதாச்சும் வெச்சுக்கட்டும்" என்றாள்.

பெற்றவளே சொன்ன பிறகு யார் மறுப்பார்கள்? அவளே கல்லின்மேல் ஏறினாள், அவளே அரிசியை வீசினாள், விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிடுகிற அதே குரலில் மூன்று தரம் அந்தப் பேரைக் காட்டுக்குக் கொடுத்தாள். பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் அந்த வயிறு எரிந்த எரிச்சலில் அவளுக்குப் பழமொழி எடுத்துச் சொல்ல யாருக்கு வாய் வரும், எனக்கும் வராது.

அன்றிலிருந்து ஊர் வாயில் புவனாதான். "புவனா குட்டையில தண்ணி குடிச்சுட்டுப் போச்சு." "புவனா வர்ற நேரமாச்சு, கன்னுக்குட்டியை உள்ள கட்டு." "நேத்து புவனா உறுமுன உறுமலுக்கு எங்க வூட்டு ஓடு ரெண்டு எறங்கிப் போச்சு." மாராத்தா காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள், பொத்தினாலும் கேட்டது, சில நேரம் கேட்காமல் போனால் கையை எடுத்துவிட்டுக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது வாய் தவறி அந்தப் பெயரைப் படித்துவிட, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் புதரிலிருந்து கனமாக ஒரு உறுமல் வந்தது. வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். பிறகு வந்ததாகவே குறித்துக்கொண்டு அடுத்த பெயரைப் படித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில், ஆடு மேய்க்கிற மாதேவன் வாயில் நுரை தள்ள ஓடிவந்து மாராத்தா வாசலில் விழுந்தான்.

"அக்கோவ், புள்ளை உசிரோட இருக்குது. ஆத்துக்கு அந்தப் பக்கம், அத்தி மரத்தடியில, பழம் பொறுக்கித் தின்னுக்கிட்டு. என்ற ரெண்டு கண்ணால பாத்தனுங்க. அன்னிக்குக் கெடந்த ரத்தம் ஆட்டுக்குட்டியோடதுங்க போல."

"கூப்பிட்டியா? கூட்டிக்கிட்டு வர்றதுக்கென்ன?"

"கூப்பிட்டனே! புவனா, புவனான்னு தொண்டை கிழியக் கத்துனேன். அது தலையைக்கூட நிமித்தல. என்ற முதுகுக்குப் பின்னாலிருந்து அதுல்ல வந்துது." அவன் திரும்பிக் காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டான். "பேரு அதுகிட்ட இருக்குதுங்க அக்கா. புள்ளைக்கு அந்தப் பேரு கேக்கவே மாட்டேங்குது."

மாராத்தா ஆற்றங்கரைக்கு ஓடினாள், இழுக்கிற காலோடு விழுந்து விழுந்து எழுந்து. அக்கரையில் அத்தி மரத்தடியில் நின்றது அவள் பெற்ற பெண்தான். கிழிந்த பாவாடை, எலும்பு தெரிகிற தோள். வயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்து "புவனாஆ" என்றாள். மகள் திரும்பவில்லை. பக்கத்துப் புதர் விலகி, புலி வந்தது, ஆவலாக, கூப்பிட்டதும் ஓடிவருகிற பிள்ளையாக வந்து, அவள் முன்னால் மடிந்து படுத்துத் தாடையைத் தூக்கி அவள் பாதத்தில் வைத்தது. அக்கரையில் மகள் நிமிர்ந்து பார்த்தாள், புலியைப் பார்த்தாள், அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடிப்போனாள்.

அதுதான் அதற்கப்புறம் தினமும் நடந்தது. ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனாலும், தனியாகப் போனாலும், வாயைத் திறக்காமல் போனாலும், அவள் காட்டுக்குள் காலை வைத்ததும் அது பின்னாலேயே வந்தது. மகளைத் தேடிப் போகிற தாயின் பின்னால் ஒரு புலியும் வந்தால் எந்தப் பிள்ளை கிட்டே வரும்? ஒவ்வொரு தடவையும் தூரத்தில் ஒரு கிளை ஆடும், ஒரு அழுகைக் குரல் ஓடி மறையும், அவ்வளவுதான். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது அது கூடவே வீட்டுக்கு வந்து வாசலில் படுத்துக்கொள்ளும். திட்டினாள், விறகுக்கட்டையை எடுத்து அடித்தாள். அடிபட்ட பிள்ளையாக அது சுவரோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டது, விடிந்தபிறகும் கோபம் தீராமல்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்? முதல் இரண்டு நாள் கதவிடுக்கில் பார்த்தார்கள். பிறகு அந்தத் தெருவைச் சுற்றிப் போனார்கள். சுற்றுவழி கால் கடுக்கிறது என்று பிறகு நேராகவே போனார்கள். நாய்கள் மட்டும் ஒட்டுமொத்தமாக அடுத்த ஊருக்குக் குடிபோயின. பால் சொசைட்டிக்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "புவனா, காலைக் கொஞ்சம் மடக்கு சாமி" என்றால் அது மடக்கும். எதிர்வீட்டுக்காரி வந்து, "அம்மிணி, உன்ற மக எங்கூட்டுக் கன்னுக்குட்டியவே வெச்ச கண்ணு வாங்காமப் பாக்குறா, கண்டிச்சு வை" என்று புகார் சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

பேரைத் திருப்பி வாங்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பேரை எடுத்தால் இன்னொன்றைக் கொடுத்தாக வேண்டும், வெறுமனே விட முடியாது. அதனால் தொட்டையன் கல்லின்மேல் ஏறி, "ஒண்டியப்பா" என்று பழைய பேரால் கூப்பிட்டார். அது கொட்டாவி விட்டது. தமிழ் வாத்தியார் குளித்து முழுகி வந்து, வேங்கை, உழுவை, வயமா, கொடுவரி, பாய்மா, வல்லியம் என்று பண்டைக்காலத்துப் பேரெல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, கூடியிருந்தவர்கள் தலையை ஆட்டிக் கேட்டார்கள். அது ஒரு காதைக்கூட ஆட்டவில்லை. யாரும் செத்துக் கொடுக்காத பேர் அதற்குப் பேராகவே படவில்லை. கடைசியில் தாங்க மாட்டாமல் மாராத்தா அழுகையோடு "புவனா" என்று முனகினாள், அது சட்டென்று எழுந்து வந்து அவள் மடியில் மூஞ்சியைப் புதைத்தது.

மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆடி பிறந்து மழை இறங்கினால் ஆறு கரை தாண்டும், அக்கரைக்கு யாரும் போக முடியாது, அத்திப்பழமும் அழுகி உதிர்ந்துவிடும். மாதேவன் கடைசியாகப் பார்த்தபோது பிள்ளை நடக்கவில்லை, தவழ்ந்தது என்றான். மாராத்தா மண்ணில் விழுந்து புரண்டாள். "நானே குடுத்தனே, என்ற வாயாலயே குடுத்தனே, இந்த வாய்ல மண்ணு விழ" என்று தன் வாயிலேயே அறைந்துகொண்டாள்.

அன்றைக்குத்தான் சின்னம்மணி வந்தாள், ஒண்டியப்பன் பெண்டாட்டி. அவளுக்கு மாராத்தாமேல் கோபம். புருஷன் பேரைப் புலியிடமிருந்து பறித்ததில் அவள் இரண்டாம் தடவை தாலியறுத்தவளாகிவிட்டாள். பாலத்தடியில் திட்டுவதற்கும் ஆளில்லை. புலியைத் தாண்டி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை நாளைக்கு இப்படி அழுவே?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க அக்கா?"

"பேரோட கொணமும் போகும்னு தெரியுமில்ல? குடிகாரன் பேரைக் குடுத்தா குடிகாரனாட்டம் கெடந்துது. உன்ற மக பேரைக் குடுத்தா மகளாட்டம் உன்ற காலைச் சுத்துது." காட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தக் காட்டுல அந்தப் புள்ளையத் தேடோணும்னு பைத்தியமா அலையறவ இந்த ஊர்ல ஒருத்திதான் இருக்கறா. அவ பேரைக் குடுத்துப் பாரு."

மாராத்தா அழுகையை நிறுத்தினாள். ஆற்றைத் தாண்டக்கூடிய, முள்ளில் நுழையக்கூடிய, இருட்டில் கண் தெரியக்கூடிய ஒரு தாய்.

"ஆனா ஒண்ணு," என்றாள் சின்னம்மணி, குரல் இறங்கிவிட்டது. "அவரு பேரைக் குடுத்த அன்னிக்கிருந்து அவரு மூஞ்சி எனக்கு நெனப்புக்கு வரவே இல்ல. கண்ணை மூடுனா அதோட மூஞ்சிதான் வரும். இப்பவும் அப்படித்தான். பேரோட இன்னும் என்னென்ன போகும்னு யாருக்குத் தெரியும்? பொறவு என்னையத் திட்டாதே."

விடிந்ததும் மாராத்தா மடியில் அரிசியோடு கல்லடிக்குப் போனாள். தொட்டையன் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார். "உசிரோட இருக்கறவ பேரை எப்படியம்மா குடுக்கறது? பொறவு உன்னைய நாங்க என்னன்னு கூப்பிடறது?"

"கூப்பிட வேண்டாமுங்க," என்றாள். "எனக்கு யாரு கூப்பிட்டு என்னாகோணும்?"

கல்லின்மேல் ஏறினாள். கீழே அது நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பள்ளிக்கூட வாசலில் அம்மாவுக்காகக் காத்திருக்கிற பிள்ளையாக. இத்தனை நாளில் அதன் மேலும் ஒரு பாசம் ஒட்டிக்கொண்டுவிட்டிருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு காட்டைப் பார்த்து, "மாராத்தா, மாராத்தா, மாராத்தா. எடுத்துக்கோ" என்று அரிசியை வீசினாள்.

இனிமேல் நானும் அவளை அந்தப் பெயரால் சொல்ல முடியாது. சொன்னால் உங்கள் முன்னால் வேறொன்று வந்து நிற்கும்.

அது எழுந்தது. தலையை ஒரு தரம் உதறியது. கல்லின்மேல் நின்ற பெண்ணை ஏதோ தெருவில் போகிற பெண்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பி, இடது பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைத்துக் காட்டுக்குள் போனது. அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, ஒரு தரம் நீட்டி, ஒரு தரம் வெட்டி. ஊரில் எல்லோரும் எழுந்து விளக்கேற்றினார்கள். "மாராத்தா மகளைத் தேடுது," என்று அவரவர் வீட்டில் மெல்லப் பேசிக்கொண்டார்கள்.

மழை இறங்கியது, எப்பேர்ப்பட்ட மழை. ஆறு மரத்தை வேரோடு தூக்கிக்கொண்டு போனது. அந்தப் பேரிரைச்சலுக்கு மேலே தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தக் குரல் கேட்டது, மேற்கிலிருந்து, வடக்கிலிருந்து, தொண்டை கட்டி, கரகரத்து. வீட்டில், பேரைக் கொடுத்துவிட்டு வந்தவள் வாசற்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அது கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. விளக்கேற்றுகிற நேரம் தெரியாமல் ஊர் தடுமாறியது. "கிடைச்சுட்டாளா, போயிட்டாளா?" என்று அவள் சின்னம்மணியிடம் கேட்டாள். பெத்த மனம் பித்து என்பார்களே, அந்தப் பித்து அவளுக்கு ஏறவில்லை; பேரோடு அதுவும் போய்விட்டதோ என்னவோ, அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஆவணியில் ஆறு இறங்கியது. குடத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கரைக்குப் போனவள் அவள்தான். அக்கரை மணலில் அத்தி மரத்தடியில் புலி படுத்திருந்தது. அதன் வயிற்றில் சாய்ந்துகொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கன்னம் உப்பி, தோள் தேறி, தலைமுடி நக்கி நக்கி வாரிவிட்டு நடுவகிடு எடுத்தது போலப் படிந்திருந்தது. புலி அவள் கழுத்தை முகர்ந்தது. அந்தப் பெண் சிரித்தாள்.

குடத்தைக் கீழே வைத்தாள். வாயில் வந்துவிடுமோ, வராதோ, வந்தால் யார் வருவார்களோ என்று பயந்துகொண்டே, "புவனா" என்றாள்.

புலி அசையவில்லை. அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள். பேர் திரும்பி வந்துவிட்டிருந்தது. அவள் எழுந்து, முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, கண்ணுக்குமேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, இக்கரையில் நின்ற பெண்ணைத் தலையிலிருந்து கால்வரைக்கும் நன்றாகப் பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா," என்றாள் மரியாதையாக, "என்னையவா கூப்பிட்டீங்க?"

ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமா கண்ணு. நல்லா இருக்கறயா?"

"இருக்கறனுங்க."

"சோறு தண்ணியெல்லாம்?"

"எங்கம்மா குடுக்குதுங்க," என்று பெண் பின்னால் கையைக் காட்டினாள். "நீங்க யாருங்க அக்கா? உங்க பேரென்ன?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. அதற்குள் மரத்தடியில் புலி எழுந்து நின்று கூப்பிட்டது, ஒரு தரம் நீட்டி, ஒரு தரம் வெட்டி. பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, போகவா நிற்கவா என்று தெரியாமல் இவளையும் பார்த்தாள்.

"போ சாமி," என்றாள் அவள். "அம்மா கூப்பிட்டா நிக்கக் கூடாது."